செல்லாயி முடிந்துவைத்த மீசை

செல்லாயி செத்துப்போன அன்று, ஒப்பாரிக்கு நடுவிலும் வரிசை வீட்டு லயத்துச் சனங்களின் கண்ணெல்லாம் அவளுடைய மூத்த மகன் உடையப்பனின் மீசை மேல்தான் இருந்தது. எடுப்பானா, எடுக்கமாட்டானா என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. ஆற்றங்கரையில் நாவிதர் பிச்சைமுத்து, கடைசி மகன் அர்ச்சுனனுக்குத் தலையையும் மீசையையும் மழித்து முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் வானத்தைப் பார்த்தான்.

"அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன். கொள்ளி வைக்கிறவன்தானே எடுக்கணும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றான்.

முறை என்ற சொல்லை அதற்கு முன் அவன் வாயில் யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தன்று மாமனார் காலில் விழச் சொன்னபோது முதுகு பிடித்துக்கொண்டது என்று நின்றவன் அவன். மற்ற வீடுகளில் தாய் செத்தால் கொள்ளி வைக்காத பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து எடுத்துக்கொள்வார்கள். அதை எடுத்துச் சொல்லப் பிச்சைமுத்து வாயைத் திறந்தார். கங்காணியான அவனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு அப்புறம் யார் அவதிப்படுவது என்று திரும்ப மூடிக்கொண்டார்.

மலாய் நாட்டில், சுங்கை சிப்புட்டைத் தாண்டி, கார் ஓடும் சடக்கிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளிக் கிடந்த ரப்பர் தோட்டம் அது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துவிடுவது கங்காணி உடையப்பனின் வேலை. வேலையில் கெட்டிக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுக்குக் குரல் கொடுக்கும்போது கடவுளுக்குக் கை தவறிவிட்டது. மெல்லிசான, கீச்சென்ற குரல். அவன் அதட்டினால், கேட்பவனுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வராமல் தடுத்தது மீசை. கன்னத்தைத் தாண்டி வளர்ந்து, நுனி மேலேறி, இரண்டு காதுக்கும் பக்கத்தில் வந்து நிற்கும் மீசை. தினமும் காலையில் அதற்கு நல்லெண்ணெய் தடவிய பிறகுதான் தன் தலைக்குத் தடவுவான். வெள்ளைக்காரத் துரைக்கு அவன் பெயர் தெரியாது. மலாயில் "மீசாய்" என்றுதான் கூப்பிடுவார். மீசை போனால் மறுநாள் பெரட்டுக்களத்தில் தன் பேச்சுக்கு ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்று உடையப்பன் மனதார நம்பினான். அப்பன் செத்தபோது அவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. ஆகையால் அது பிறந்ததிலிருந்து கத்திக்குத் தப்பி வந்த மீசை.

அம்மாவின் சாவிலும் தப்பித்தாயிற்று என்று நினைத்தான். அம்மா யாரென்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டான்.

செல்லாயி சேலத்துப் பக்கத்திலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவள். அப்போது இங்கே ரப்பரே கிடையாது. காடு வெட்டிக் காப்பி நட்டார்கள். காப்பி செத்தது, ரப்பர் வந்தது, புருஷன் காய்ச்சலில் போனான், மூன்று பிள்ளைகள் நின்றன. மூன்றையும் ரப்பர்ப் பால்வாளி தூக்கியே வளர்த்து ஆளாக்கி, கல்யாணம் செய்துவைத்து, பேரன் பேத்தி எடுத்து, எழுபதைத் தாண்டிய பிறகும் விடிகாலையில் குளித்து ஈரச் சீலையோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்தவள். பக்தி என்றால் அப்படியொரு பக்தி. ஆனால் அவள் அம்மனிடம் உருகி நின்று யாரும் பார்த்ததில்லை. சீனக் கடைக்காரத் தவுக்கேயிடம் கருவாட்டுக்கு விலை பேசுகிற குரலில்தான் பேசுவாள். நீ இதைச் செய், நான் அதைச் செய்ய வைக்கிறேன் என்பதுதான் அவளுடைய கணக்கு.

அந்த 'செய்ய வைக்கிறேன்' என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. செல்லாயி தனக்கென்று ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அதேபோல் தன் தலையில் ஒருநாளும் நேர்த்திக்கடனைப் போட்டுக்கொண்டதும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது ஆபத்து என்றால் ஓடிப்போய், அடுத்தவர் முடியையும் முழங்காலையும் வயிற்றையும் அம்மனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் கைக்குக் கிடைத்த சீலையில் ஒரு துண்டைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, ஒரு காசை வைத்து முடிந்துகொள்வாள். வேண்டுதல் நிறைவேறி, கடனும் தீர்ந்த பிறகுதான் முடிச்சு அவிழும். கப்பலிலேயே இது தொடங்கிவிட்டது. புருஷன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தபோது, கரை தட்டியதும் முதலில் கண்ணில் படுகிற கோயிலை அவன் உருண்டே சுற்றுவான் என்று நேர்ந்துகொண்டாள். பினாங்கில் இறங்கியதும் பாவம், உருண்டான். இருந்த ஒரே வேட்டி கிழிந்து, கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டுதான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவள் இருளாயி. அதே கப்பலில் வந்தவள். செல்லாயியின் கப்பல் சிநேகிதி. பிள்ளைகுட்டி இல்லாதவள், புருஷனும் சீக்கிரமே போய்விட்டான். பக்கத்து அறையில் இருந்துகொண்டு, சோறு மட்டும் செல்லாயி வீட்டில். இரண்டு பேரும் திட்டிக்கொள்ளாமல் ஒரு வெற்றிலை மடித்ததில்லை. உடையப்பனும் தம்பி தங்கையும் அவளைச் சின்னாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கருமாதி அன்று, சாமி கும்பிட்டுச் சாப்பாடெல்லாம் முடிந்து, உறவு சனம் சூழ உட்கார்ந்திருந்தபோது செல்லாயியின் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு சீலை, ஒரு வெற்றிலைப் பை, அடியில் ஒரு துணி மூட்டை. அதை அவிழ்த்தால் உள்ளே அவிழாத மஞ்சள் முடிச்சுகள். கடன் தீராத வேண்டுதல்கள் அத்தனையும் அங்கே கிடந்தன. யாருடைய தலையில் எது என்று அம்மனுக்கும் செல்லாயிக்கும்தான் தெரியும்.

"முடிச்சு அவிழாம கெடந்தா அந்தம்மா எப்படி நிம்மதியாப் போய்ச் சேரும்?" என்றார் பூசாரி ஐயாவு. "யாருக்குத் தெரியும் இதெல்லாம்?"

எல்லாரும் இருளாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். இருளாயி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் இத்தனை பேர் அவள் வாயைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் முடிச்சை எடுத்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். "இது அர்ச்சுனன் பொண்டாட்டி வளைகாப்புச் சீலையில கிழிச்சது. புள்ளை தங்குச்சுன்னா கரும்புத் தொட்டில்ல போட்டு நீங்க கோயிலைச் சுத்துவீங்கன்னு வேண்டிக்கிட்டா. புள்ளை பொறந்துச்சு. நீங்க மறந்துட்டீங்க."

அந்தப் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. எருமைக் கன்று மாதிரி வளர்ந்து, வாசலில் வடை தின்றுகொண்டிருந்தான். அர்ச்சுனன் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த முடிச்சு, ரப்பர் விலை விழுந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய வருஷத்தது. உடையப்பனின் தங்கை நவமணியின் புருஷனுக்கு மறுபடி வேலை கிடைத்தால், நவமணியும் உடையப்பனின் மனைவி வீராயியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மண்சோறு சாப்பிடுவார்கள் என்று வேண்டுதல். அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுத்தது விஷக்காய்ச்சல் வருஷத்தது. லயமே படுத்துக் கிடந்தபோது போட்ட முடிச்சு.

"இது யாருக்கு, சின்னாத்தா?" என்றான் உடையப்பன். அவனுக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாக இருந்தது.

"பூசாரிக்கு. பேரப்புள்ளைங்க பொழைச்சா ஐயாவு தீச்சட்டி எடுப்பாருன்னு வேண்டிக்கிட்டா."

"என்னையா?" என்றார் ஐயாவு. "நான் பூசாரிம்மா. எடுக்கிறவங்களுக்குத் திருநீறு பூசுறதுதான் என் வேலை."

"உனக்கும் சேத்துத்தானே கும்பிட்டா. நீ அப்போ படுத்துக் கெடந்தியா இல்லியா?"

உடையப்பன் தொடையில் தட்டிச் சிரித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள் இருளாயி கடைசி முடிச்சைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்தத் துணியில் அடையாளம் ஒன்றும் இல்லை. புரட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து எதிரே உட்கார்ந்திருந்த உடையப்பனின் முகத்தையே பார்த்தாள். அவன் கை தானாக மீசைக்குப் போனது.

"இது பெருவெள்ளத்தப்போ முடிஞ்சு வச்சது," என்றாள். "நீ பொகைக்கூடத்துக் கூரை மேல மாட்டிக்கிட்டியே, அப்போ. என் மவன் உசிரோட வந்தா அவன் மீசையை உனக்குத் தாரேன் ஆத்தான்னு சொன்னா."

அந்தக் கூட்டத்தில் அப்போது எழுந்த சந்தோஷத்தைக் கருமாதி வீட்டுக்கு ஏற்றபடி அடக்கிக்கொள்ளச் சனம் மிகவும் பாடுபட்டது. நவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். ஐயாவு பூசாரி மட்டும் மறைக்கவில்லை. பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

ஒரு வருஷம் துக்கம் காக்க வேண்டும், அது முடிந்து ஆடித் திருவிழாவில்தான் கடன் தீர்க்க முடியும் என்பதால் உடையப்பனுக்கு அவகாசம் கிடைத்தது. அவகாசத்தை அவன் வீணாக்கவில்லை. முதலில் இருளாயியை வளைத்துப் பார்த்தான். நல்ல கொழுந்து வெற்றிலை, யாழ்ப்பாணத்துப் புகையிலை, தைப்பிங் கடையில் வாங்கிய துண்டு என்று கொண்டுபோய்க் கொடுத்தான்.

"நல்லா ரோசனை பண்ணிப் பாரு சின்னாத்தா. மீசைன்னுதான் சொன்னுச்சா? சேவல்னு சொல்லியிருக்காதா?"

இருளாயி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நல்லா யோசித்தும் பார்த்தாள். "மீசைன்னுதான் சொன்னா," என்றாள். "முழுசான்னு வேற சொன்னா. நீ ஓரத்துல கொஞ்சம் கத்திரிச்சுக் குடுத்து ஏமாத்துவேன்னு அவளுக்குத் தெரியும்லா."

இதற்கிடையில் லயத்தில் நடந்த கெட்டதெல்லாம் மீசையின் கணக்கில் ஏறத் தொடங்கியது. வீராயியின் அடைக்கோழி செத்ததா, மீசை. மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வெட்டு நேரத்தில் மழை வந்து பால் வீணானதா, மீசை. யாரோ ஒருவருக்குப் பல்வலி வந்ததற்குக்கூட, அம்மனுக்குச் சேரவேண்டியது கங்காணி மூஞ்சியில் இருந்தால் வேறென்ன நடக்கும் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. பெரட்டுக்களத்தில் அவன் கடந்துபோனதும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்கும். கடைசியில் வீராயியே ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஆத்தாளுக்குத்தான் எடுக்கல, அம்மனுக்காவது எடுத்துத் தொலைங்களேன்," என்றாள். அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். எடுக்காததற்கு வெட்கம் என்று ஒன்று அவனுக்கும் இருந்தது. அதையும் மீசைக்கடியில்தான் வைத்திருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. கண் வலித்தால் வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுகிறார்கள். கால் குணமானால் வெள்ளிக் கால் போடுகிறார்கள். அம்மன் ஒன்றும் நிஜக் காலை வெட்டிக்கொடு என்று கேட்பதில்லை. அப்படியானால் மீசைக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் கிடையாது? மறு வாரமே ரயிலேறி ஈப்போவுக்குப் போய், சிலிபின் பகுதியிலிருந்த ஒரு நகைப் பத்தரிடம் வெள்ளியில் மீசை செய்யச் சொன்னான்.

பத்தர் நாற்பது வருஷமாகக் கண், காது, கை, தொட்டில் எல்லாம் அடித்துக் கொடுத்தவர். மீசை கேட்டு யாரும் வந்ததில்லை. "மீசையில என்னங்க நோவு?" என்று கவலையோடு கேட்டார்.

"நோவு ஒண்ணும் இல்ல. என் மீசை அளவுக்கே வேணும். நுனி இப்படி மேல ஏறணும்."

பத்தர் நூலைப் பிடித்து மீசையை அளந்தார். கடை வாசலில் சிறு கூட்டம் கூடிவிட்டது. சேமியா போன்ற மீ நிறைந்த தட்டைக் கையில் ஏந்தியபடி சீனர் ஒருவர்கூட நின்று பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, மீசை அற்புதமாக வந்தது. உடையப்பன் அதைப் பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் வழிநெடுக நிம்மதியாகத் தூங்கினான்.

ஆடித் திருவிழா வந்தது. கரும்புத் தொட்டிலில் அந்தப் பன்னிரண்டு வயதுக் குழந்தையைப் போட்டு, அர்ச்சுனனும் அவன் மைத்துனனும் தூக்கி முதல் சுற்று முடிப்பதற்குள் கரும்பு முறிந்துவிட்டது. பையன் முறிந்த கரும்பைக் கடித்துக்கொண்டே மீதியை நடந்தான். நவமணியும் வீராயியும் ஒரே தரையில் உட்கார்ந்து மண்சோறு சாப்பிட்டார்கள். முதல் பிடி வரைக்கும் முறைத்தார்கள். இரண்டாம் பிடியில் நவமணிக்கு விக்கல் வர, வீராயி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஐயாவு பூசாரி தீச்சட்டி ஏந்தி வந்தார். கை பொறுக்கவில்லை, ஆனாலும் இறக்கவில்லை. சட்டியை வைத்துவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உடையப்பன் பட்டுத்துணியை விரித்து நீட்டினான்.

ஐயாவு வெள்ளி மீசையைப் பார்த்தார். உடையப்பனின் மீசையைப் பார்த்தார். கருவறையில் அம்மனைப் பார்த்தார்.

"இது எதுக்குங்க கங்காணி?"

"காணிக்கை. மீசைக்கு மீசை."

"அம்மன் பொம்பளை தெய்வம். அதுக்கு எங்க மாட்டுறது இதை?"

இதை உடையப்பன் யோசிக்கவில்லை. ஈப்போவுக்குப் போய், அளவு கொடுத்து, பத்தரும் அடித்து முடித்து, வழியில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. கூட்டத்தில் மெல்லச் சிரிப்பு கிளம்பியது. "அப்போ வாசல்ல இருக்கிற முனிக்கு வைங்க," என்றான்.

"முனிக்கு இதைவிடப் பெரிசா இருக்கு. இருந்தாலும் குடுங்க, வச்சிடுறேன். ஆனா அது முனிக் கணக்கு. அம்மன் கணக்கு அப்படியே இருக்கு." கொப்பளித்த கையை ஒருமுறை ஊதிக்கொண்டு ஐயாவு சொன்னார்: "நான் சட்டி எடுத்தாச்சு, கங்காணி."

அதற்கு மேல் நிற்க இடமில்லை. வேப்பமரத்தடியில் பிச்சைமுத்து பலகையைப் போட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராகவே உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாகவே தயாராக இருந்தார் என்று சொல்ல வேண்டும். உடையப்பன் போய் உட்கார்ந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். தண்ணீர் குளிர்ந்தது, கத்தி இரண்டு இழுப்பு இழுத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணெய் தடவி வளர்த்தது மடியில் வந்து விழுந்தது. இனிச் சிரிப்பார்கள் என்று காத்திருந்தான்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. முதலில் பிச்சைமுத்துவின் கை நின்றது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவர் எழுந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். உடையப்பன் கண்ணைத் திறந்தான். முன் வரிசையில் சிரிப்பதற்கென்றே இடம்பிடித்து நின்ற நவமணியின் முகம் கோணிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சனம் வாயைப் பிளந்துகொண்டு அவனையே பார்த்தது.

அவமானமும் கோபமும் தலைக்கேறின. "என்ன பாக்குறீங்க? வேலை கீலை இல்லை உங்களுக்கு? தள்ளுங்க, தள்ளிப் போங்க," என்று அந்தக் கீச்சுக் குரலிலேயே கத்தினான்.

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பழனியப்பன் என்று ஒரு வெட்டுக்காரன், எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "இந்தா போயிட்டோம் ஆயா," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினான். லயமே ஆயா என்று கூப்பிட்டது செல்லாயியை மட்டும்தான்.

உடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து கேலி செய்கிறார்கள் என்று நினைத்தான். விறுவிறுவென்று லயத்துக்கு நடந்து, நேரே இருளாயியின் அறைக்குப் போனான். முழங்கால் வீங்கிக் கோயிலுக்கு வர முடியாமல் அவள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு கெழவி. எடுத்தாச்சு. மனசு குளுந்துச்சா?"

இருளாயி நிமிர்ந்தாள். உலக்கை கையிலேயே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?" என்றாள்.

உடையப்பன் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை. இருளாயி அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். விரலால் அவன் மேலுதட்டைத் தொட்டாள்.

"இதான். கோவம் வந்தா இந்த ஒதடு ஒரு பக்கம் ஏறும் அவளுக்கு."

"என்ன சின்னாத்தா சொல்றே?"

"அந்த முடிச்சு எதுக்குன்னு எனக்குத் தெரியாதுடா உடையப்பா," என்றாள் இருளாயி. அவள் கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. "மத்ததெல்லாம் நெசம். அது மட்டும் தெரியாது. கண்ண மூடி அவளைக் கேட்டுப் பாத்தேன். அவ பேச்சு வருது, நடை வருது, மூஞ்சி வரல. பதினாறு நாள்ல எனக்கு மறந்துபோச்சு. ஒரு போட்டோகூடப் புடிச்சு வைக்கல நாம. கண்ணைத் தொறந்தா எதுத்தாப்புல நீ உக்காந்திருக்கே. மீசை மொளைக்கிறதுக்கு முந்தி நீ அப்படியே அவதான். யாருக்குத் தெரியும் அது, என்னைத் தவிர? நவமணி அப்போ கைக்கொழந்தை. இந்தக் கருமத்தை வளத்து அவளை மூடி வச்சிருந்தே நீ."

அடைக்கோழியும், கிணற்றடிப் பேச்சும், ஈப்போ ரயிலும், வெள்ளி மீசையும் வரிசையாக உடையப்பனின் கண்முன் வந்து போயின. ஒரு வருஷம் முழுக்க இந்தக் கிழவி பொய்யாகத் தன்னைப் படுத்தியிருக்கிறாள். வைய வாயெடுத்தான். ஆனால் அம்மாவின் முகம் தனக்கும் சரியாக ஞாபகம் வரவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆற்றங்கரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளைப் பார்த்திருக்கலாம்.

உள்ளே சுவரில் ஒரு கைக்கண்ணாடி தொங்கியது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். இருளாயி விடவில்லை. மடித்த வெற்றிலையை அவன் வாயில் வைத்தாள்.

"இடது கடவாயில ஒதுக்கு."

ஒதுக்கினான்.

"இப்ப என்னைத் திட்டு."

"என்னன்னு திட்ட?"

"எதையாச்சும். அவ என்னைத் திட்டாம ஒரு நாளும் வெத்தல தந்ததில்ல."

உடையப்பன் தயங்கினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மெல்லிசுக் குரலில் தொடங்கினான். "ஏண்டி இருளாயி, நான் அந்தப் பக்கம் போனதும் எம் மவனை இப்படியா பாடாப் படுத்துவே? வெள்ளியில மீசை பண்ண வச்சிட்டியேடி. ஊரே சிரிக்குது. அவன் உனக்கு என்னடி பாவம் பண்ணினான்?" சொல்லச் சொல்ல அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்கே கேட்டது. அதற்கு மேல் பேச்சு வராமல், வாயில் வெற்றிலையோடு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இருளாயி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; வாய் என்னவோ சிரித்தது.

"நிறுத்தாதடி," என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டு."